ட்ரையர் அறையில் ஒரு ராக்கெட்

ஒன்றரை அடி அட்டைக் குழாய், மெல்லிய மரத்தில் வெட்டிய மூன்று இறக்கைகள், பிளாஸ்டிக் மூக்கு, உள்ளே மடித்து வைக்கக் கைக்குட்டை அளவில் ஒரு பாராசூட். எங்கள் பாக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர், இதெல்லாம் இருந்த பெட்டியைப் பிரித்தபோது, ஐம்பத்தாறு வயது ஆளுக்கு இதென்ன விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகள் அனுப்பிய பொம்மை ராக்கெட் அது. இரண்டு வருடமாக அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவள். ‘செஞ்சு வைங்கப்பா, ஞாயித்துக்கிழமை வந்து பறக்க விடலாம்’ என்று உள்ளே ஒரு சீட்டு. அதை எனக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினார்.

நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலை பாக்டரி. நான் அவருக்குக் கீழே சூப்பர்வைசர். ஆடி மழையில் இலை வந்து குவிந்துகொண்டிருந்தது. இரண்டு வாரமாக யாருக்கும் லீவு இல்லை. இடைவேளையில் நின்றபடியே ஒட்டினோம். பசை பிடிக்கும்வரை இறக்கையை விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தியபடியே அவர் கண்ணயர்ந்துவிடுவார். அப்படிக் கோணிப்போன ஒன்றைப் பிய்த்து மறுபடி ஒட்டினோம். சிவப்புப் பெயிண்ட் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை அடித்தது, சனிக்கிழமை மதியமும் விரலில் ஒட்டியது. துவைத்த துணியே ஒரு வாரம் காயாத ஊரில் பெயிண்டா காயும்?

எனக்கு உடம்பெல்லாம் அசதி. இந்த வேலை ஒழிந்தால் போதும் என்றிருந்தது. ட்ரையர் அறையில், சூடாகத் தூள் வந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் ராக்கெட்டை நிறுத்தி வைத்தேன். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மல்லிகைப்பூ வைத்து வருகிற பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவள் நான். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. ராக்கெட் நன்றாகக் காய்ந்தது. அன்றைய தூள் முழுக்கப் பெயிண்ட் நாறியது.

மேனேஜர் அந்தத் தூளில் போட்ட டீயை முகர்ந்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். ராக்கெட்டைக் காட்டி, “யார் வெச்சது இதை?” என்றார். பெயிண்ட் ஒட்டிய விரல்களை மடக்கிக்கொண்டேன். டீ மேக்கர் என் பக்கம் திரும்பவில்லை.

“எம் பொருளுங்க. நாந்தானுங்க வெச்சேன்” என்றார் அவர்.

மறுநாள் மைதானத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். தலைவலி என்று சொல்லிவிட்டேன். ராக்கெட் நேராக மூடுபனிக்குள் போய் மறைந்ததென்றும், மகள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளென்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். திங்கட்கிழமை அவரை இலை எடை போடும் கொட்டகைக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் அவர் நாற்காலி எனக்கு வந்தது.

அவர் ஓய்வு பெறும்வரை, நான்கு வருடம், தினமும் அந்தக் கொட்டகையைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே நாள் போனது. சொல்லாத ஒன்றைச் சுமந்து திரிவது இரண்டு ஷிப்ட் பார்ப்பதைவிட அலுப்பாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். கூடலூர் போக நின்றிருந்தார். நலம் விசாரிக்கக்கூட இல்லாமல் சொல்லிவிட்டேன்.

“சார், அன்னைக்கு ராக்கெட்டை அங்க வெச்சது நாந்தான்.”

“தெரியும் கண்ணு. நான் வெக்கலீன்னா வேற யாரு வெச்சிருப்பா?”

“அப்ப மேனேஜர்கிட்ட ஏன் சார் சொல்லலை?”

“அவருகிட்டச் சொல்ல என்ன இருக்குது? நீ எங்கிட்டச் சொல்லுவீன்னு பார்த்தேன்” என்றார். “ரிட்டயர் ஆகற அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன்.”