கேழ்வரகுப் பானைக்குள் போன நடிகை

பேய்க்கதை படித்தால் பால் கெட்டுவிடும் என்று மாமியார் சொன்னபோது நான் நம்பவில்லை. ஆனால் ஏழு மாத மகள் இரண்டு நாளாக மார்பில் வாய் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நம்பாமலும் இருக்க முடியவில்லை.

என் கணவர் மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. மாதம் ஒருமுறை புளியஞ்சோலை வழியாக நடந்து இறங்கி, துறையூர் லைப்ரரியில் எனக்கு இரண்டு புத்தகம் எடுத்து வருவார். அந்த மாதம் வந்தவை ஒரு சினிமா நடிகையின் வாழ்க்கை வரலாறும் ஒரு பேய் நாவலும்.

"நீ பயந்தீன்னா அந்தப் பயம் பாலோட புள்ளைக்கு எறங்கும் அம்மிணி. அந்தப் பொஸ்தகத்த அடுப்புல போடு."

"லைப்ரரிப் பொஸ்தகமுங்க அத்தை. உங்க மகன்தான் பதில் சொல்லோணும்."

"அப்ப திருப்பிக் குடுக்கற வரைக்கும் உன்ற கண்ணுல படக்கூடாது. இன்னொருக்கா தொட்டீன்னா புள்ளைக்கு ஆட்டுப்பால்தான்."

மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. அட்டைப் படத்தைப் பார்த்தார். ஒன்றில் தலைவிரி கோலமாக, கண்ணை உருட்டிக்கொண்டு ஒருத்தி. மற்றதில் மல்லிகை சூடிச் சிரிக்கும் பெண். தலைவிரித்தவளைக் கேழ்வரகுப் பானைக்குள் புதைத்து மூடி, பேய் வெளியே வராமலிருக்க மேலே அரிவாளையும் வைத்தார். அவள்தான் நடிகை, ஏதோ படத்தில் வேஷம் கட்டியபோது எடுத்த போட்டோ. மல்லிகைக்காரிதான் பேய்.

புத்தகம் மாறிப்போனதை நான் சொல்லவில்லை. பிள்ளை விஷயத்தில் விளையாடுகிறோமோ என்றும் தோன்றியது. இருந்தாலும் மகளை மடியில் போட்டுக்கொண்டு, அவர் எதிரிலேயே பேய் நாவலைப் படித்தேன்.

பயமே வரவில்லை. பங்களாக் கதவு கிறீச்சிட்டதற்கு நாலு பக்கம் எழுதியிருந்தது. எங்கள் கதவு தினமும்தான் கிறீச்சிடுகிறது. பேயும் பாவம், தன்னைக் கொன்றவன் யாரென்று சொல்ல வந்தால், கேட்க ஆளில்லாமல் எல்லாரும் ஓடுகிறார்கள். என்னை நடுங்க வைத்தது முன்பே படித்து முடித்த நடிகையின் கதைதான். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் படப்பிடிப்புக்குப் போனார் என்று ஒரே ஒரு வரி. அடுத்து மூன்று பக்கம் அவர் வாங்கிய காரைப் பற்றி.

மூன்றாம் நாள் மகள் பால் குடித்தாள். கூடவே கடித்தாள். விரல் விட்டுப் பார்த்தால் கீழ் ஈறில் நொய்யரிசி போல ஒரு பல்.

"பாத்தியா? பேயப் பானைக்குள்ள போட்டதும் புள்ளை குடிச்சிருச்சு!"

இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"பானைக்குள்ள இருக்கறது நடிகை கதைங்க அத்தை. பேய் நேத்திருந்து என்ற மடியிலதான் இருக்குது. அதையுந்தான் பாத்துக்கிட்டே புள்ளை பால் குடிச்சா. ஆட்டுப்பால் குடுக்க நான் உட மாட்டேனுங்க."

மாமியார் பானையைத் திறந்து, புத்தகத்தில் ஒட்டியிருந்த கேழ்வரகைத் தட்டினார்.

"இவளா பேயில்லாதவ? இந்த முழிய வெச்சுக்கிட்டு! என்ன பண்ணுனாளாம்?"

"கைப்புள்ளைய உட்டுப்போட்டு நடிக்கப் போனாங்களாம்."

"ஆருகிட்ட உட்டுப்போட்டு?"

"அத எழுதலீங்க."

"பால் கட்டி நெஞ்சு வலிச்சிருக்குமே, அதையாவது எழுதியிருக்குதா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னத்த எழுதுனான்?"

நான் நினைத்ததும் அதுதான். ஆட்டுப்பால் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. அரிவாளை எடுத்து இருந்த இடத்தில் செருகினேன். மகளை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படித்தேன். கொன்றவன் யாரென்று இன்னும் தெரிந்திருக்கவில்லை.