போப்பாண்டவர் காசும் என் படபடப்பும்

பழைய காசு சேர்க்கிறவர்களுக்குத் தூக்கம் குறைவு. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் போப்பாண்டவர் ஆட்சியில் ரோமாபுரியில் புழங்கிய சில்லறைச் செம்புக்காசுகளைச் சேர்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு மரியாதையும் குறைவு. தபால்தலை, தீப்பெட்டி லேபிள் சேர்த்து வீட்டில் திட்டு வாங்கும் அன்பர்களே, என் நிலை உங்களுக்காவது புரியும்.

புளி

செம்புக்காசின் மேல் வருஷக்கணக்கில் படிந்த கரும்பச்சைப் பூச்சுதான் அதன் உயிர். துடைக்கவே கூடாது. ஒரு சனிக்கிழமை துவாக்குடிக் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேஜையில் ஒரு காசு புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது. இராயப்பர், அதாவது புனித பேதுரு, உருவம் பொறித்த காசு; இத்தாலிக்காரர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. என் பிறந்தநாளுக்காக மனைவி ஸ்டெல்லா அதைப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள். நான் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அழுக்கைத்தாங்க எடுத்தேன். இராயப்பர் அப்படியேதான் இருக்கார்."

புதையல்

நாங்கள் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், வீட்டுக்காரர் ஓர் ஐயங்கார். குழாய் பதிக்கக் கொல்லையில் பள்ளம் வெட்டிய வாரம் அது. நான் லென்ஸும் கையுமாக ஜன்னலோரம் காசுகளைப் பரப்பியிருந்ததைக் குழாய் வேலைக்கு வந்தவர் பார்த்துவிட்டார். மறுநாள் தெரு முழுக்க ஒரே பேச்சு, கொல்லையில் புதையல் கிடைத்ததாக.

சாயங்காலம் வீட்டுக்காரரும் ஒரு போலீஸ்காரரும் வாசலில் நின்றார்கள். கோயில் காசை அமுக்கிய வேதக்காரன், கிறிஸ்தவன் என்று பேர் வந்துவிட்டால் இந்த ஊரில் இனி யார் வீடு தருவார்கள்? காசுகள் வந்த இத்தாலித் தபால் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். போலீஸ்காரர் போட்டோ எடுத்துக்கொண்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் மட்டும் நகரவில்லை. லென்ஸை வாங்கி ஒரு காசை நெடுநேரம் பார்த்தார். அதிலிருந்த போப்பாண்டவர் சின்னமான இரண்டு சாவிகளும் மூன்றடுக்குக் கிரீடமும் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாகத் திருப்பி வைத்தார். "எங்க பெருமாள் சொத்தா இருந்தா ஒரு நாழி வெச்சுண்டிருக்க விட்டிருக்க மாட்டேன். இது உம்ம பெருமாளோடது, நீரே வெச்சுக்கும்."

ஓட்டை

கம்பெனியில் என் பக்கத்து மெஷின் அந்தோணியுடையது. அவர் மனைவிக்கு இதயத்தில் ஆபரேஷன். தலையணைக்கடியில் வைக்க, புனிதர் உருவம் உள்ள காசு ஒன்று தரச்சொல்லிக் கேட்டார். எப்படி மறுப்பது? சின்னப்பர், அதாவது புனித பவுல், உருவம் உள்ள காசைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் பெருக்கித் தள்ளிவிடுவார்களோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஆபரேஷன் அன்று போன் செய்தபோது, முதலில் காசைப் பற்றி வாயில் வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நல்லபடியாகப் பிழைத்து வீட்டுக்கு வந்தார் அந்த அம்மா. பார்க்கப் போனேன். அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் என் காசு, சின்னப்பர் தலைக்கு மேலே சுத்தமாக ஒரு துளை. திரும்பக் கேட்காமலே கிளம்பினேன். வாசல்வரை வந்த அந்தோணி, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தொலைஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் சார், நானே டிரில் போட்டேன்."

அந்தக் காலத்து ரோமாபுரியிலேயே பெரிதாக எதுவும் வாங்க முடியாத இந்தக் காசுகள், இந்தக் காலத்துத் திருச்சியில் எனக்குத் தினம் ஒரு பிரஷர் மாத்திரை வாங்க வைத்திருக்கின்றன.