அக்கா விட்டுக்கொடுத்த கார்

அந்தக் காரை நான் முதன்முதலில் பார்த்தது என் கல்யாணத்தன்று. உறையூர் வீட்டு வாசலில், பந்தலின் நிழல் முழுவதையும் அடைத்துக்கொண்டு, கரும்பச்சை நிறத்தில் நின்றது. பெரிய வட்ட விளக்குகள் இரண்டிலும் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். நான் மாலையும் கழுத்துமாக அதன் அருகே நின்றிருந்தபோது, தவில்காரர் ஒருவர் தோள் வலியோ என்னவோ, தவிலின் விளிம்பை முன்சக்கரத்து மட்கார்டின் மேல் கொஞ்சம் சாய்த்தார். அடுத்த நொடி அவர் தரையில் கிடந்தார். காதோரம் வழிந்த ரத்தம் வெள்ளைத் துண்டில் இறங்கியது. அடித்தவர் என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார். அவர் விழுந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கவஸ்திரத்தின் நுனியால் மட்கார்டைத் துடைத்தார்; தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். கீறல் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "என்ன நிக்கிறீங்க, ஆரத்தி எடுங்க" என்றார். கொட்டுமேளம் மறுபடியும் தொடங்கியது. ஒரு தவில் குறைந்திருந்தது. அந்த வீட்டுக்குள் நான் அப்படித்தான் வலது கால் எடுத்து வைத்தேன்.

அவர்களுக்குச் சுருட்டு வியாபாரம். மாமனார் காலமான பிறகு எல்லாம் மூத்தார் கையில். வெள்ளைக்காரர்கள் ஊரில் இருந்தவரை அவர்களில் பலர் எங்கள் சுருட்டைத்தான் பிடித்தார்கள். அவர்களில் ஒரு துரை, சுதந்திரத்துக்குப் பிறகு கப்பல் ஏறும்போது, தன்னோடு கொண்டுபோக முடியாத காரை மூத்தாருக்கு விற்றுவிட்டுப் போனார். ஊரில் அதைப் 'பெரிய வண்டி' என்பார்கள். மூத்தார் வெறுமனே 'வண்டி' என்பார். அந்த ஒரு சொல்லில் அவர் குரல் இறங்கிக் கனிவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மனிதர்கள் யாரைப் பற்றிப் பேசும்போதும் அது அப்படி இறங்கியதில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும், அது அழகான கார். ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த மரப்பலகையில் ரேகைகள் ஓடும். வீணைக் குடம் போல மெருகு. தோல் இருக்கைகளில் மழைக்காலத்தில் ஒரு வாசனை வரும், பழைய சந்தனப் பெட்டியைத் திறந்தாற்போல. எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். நான் ஒரே ஒருமுறை, அவர் இல்லாத சமயத்தில், அப்படி வைத்துப் பார்த்திருக்கிறேன். தூங்குகிற பசுவின் விலாவைத் தொட்டதுபோல் இருந்தது. இப்படி ஒரு பொருளைச் செய்யத் தெரிந்த மனிதர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று நினைத்து ஆச்சரியப்பட்டேன். அதைக் காலையில் ஒரு மணிநேரம் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் துடைக்கிற மூத்தாரின் கைதான், உள்ளே வந்ததும் காப்பி ஆறியிருக்கிறது என்று அக்காவின் கன்னத்தில் இறங்கும்.

அக்கா என்று நான் சொல்வது மூத்தாரின் மனைவியை, என் ஓரகத்தியை. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள். உயரமானவள், அதிகம் பேசமாட்டாள். அடி வாங்கும்போது சத்தம் போடமாட்டாள். அது அவருக்கு இன்னும் கோபத்தை மூட்டும். என் கணவர் சின்ன வயதில் அண்ணன் கையால் பெல்ட்டடி வாங்கி வளர்ந்தவர். "அண்ணன் கொணம் அப்படித்தான்" என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கொம்புக்குப் போவோம். கண்டோன்மெண்டில் இருந்த ஒரு டாக்டர் அங்கே வருவார். அவரிடமும் ஓர் இங்கிலீஷ் கார்; சாம்பல் நிறம், கூரையை மடித்துவிடலாம். பெண்கள் மரத்தடியில் பாயை விரித்துப் புளியோதரையைப் பிரிப்போம். ஆண்கள் இருவரும் கார்களைச் சுற்றி வருவார்கள். கையால் அடித்து வளைத்த தகட்டைத் தடவிப் பார்ப்பார்கள். ரேடியேட்டரின் வளைவைப் பற்றி ஒரு மத்தியானம் முழுக்கப் பேசுவார்கள். டாக்டருக்கு எங்கள் காரின் கதவு மேல் தனிப் பிரியம். "சாத்தறப்ப கேளுங்க. இரும்புச் சத்தமே இல்ல. பெட்டகம் மூடுற மாதிரி" என்று சொல்லித் திறந்து திறந்து மூடுவார். இருவரும் கச்சேரி கேட்பவர்கள் போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா பின்சீட்டிலிருந்து டம்ளர் கூடையை எடுக்கக் குனிந்தாள். சாப்பிட்ட கை எங்கோ பட்டிருக்கிறது, தோல் இருக்கையில் எண்ணெய்த் திட்டு. மூத்தார் அதைப் பார்த்தார். அக்கா நிமிர்ந்து ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அதையும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்றும் இரும்புச் சத்தம் வரவில்லை. வேறொரு சத்தம் வந்தது. ஈர விறகை ஒடிப்பது போல.

டாக்டர் ஓடிவந்து குச்சி வைத்துக் கட்டினார். எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர்தான். இருந்தும், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். அக்காவின் உதடு வெளுத்திருந்தது. "கவனிக்காம கைய வச்சுட்டேங்க" என்றாள். டாக்டர் தலையாட்டினார். பிறகு கதவின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, மூத்தாரிடம், "நல்லவேளை, பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகல" என்றார். அக்காவின் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. நீட்டிய விரல்களோடுதான் கோலம் போடுவாள், சோறு பிசைவாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம், சமயபுரத்தில் பூச்சொரிதல். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் யாரோ ஒரு மிராசுதாரின் வைக்கோல் கொட்டகையில் பழைய இங்கிலீஷ் கார் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு மூத்தார் புறப்பட்டார். அம்மனுக்குப் பூ சாத்த வேண்டும் என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். காரைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் அவர் சரி என்றார். துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் சாலை முழுக்க மஞ்சள். மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, தலையில் பூத்தட்டு, வெறுங்கால்கள். தார் உருகும் வெயில். மூத்தார் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

எங்களுக்கு முன்னால் ஒற்றை மாட்டு வண்டி ஒன்று பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு போனது. ஹாரனுக்கு மிரண்ட மாடு ஓரமாக ஒதுங்குவதற்குப் பதில் குறுக்கே திரும்பியது. வண்டியின் அச்சு முனை எங்கள் காரின் முன் மட்கார்டில் தொடங்கிப் பின்கதவு வரை கிழித்துக்கொண்டே வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குப் பல் கூசியது.

வண்டிக்காரர் திருவெள்ளறைப் பக்கத்து விவசாயி, நடுவயது. இறங்கிக் கும்பிட்டார். "மாடு மெரண்டுடுச்சுங்க. ஆரன் சத்தம் அதுக்குப் பழக்கமில்லீங்க" என்றார். மூத்தார் சீட்டுக்கு அடியிலிருந்து, எஞ்சினை முடுக்குகிற இரும்பு ஹேண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். முதல் அடி தோளில். எலும்பு முறிந்தது கண்ணாடிக்கு உள்ளேயே கேட்டது. இரண்டாவது முகத்தில். விழுந்தவர் மேல் பூக்கூடைகள் சரிந்தன. சாமந்திக்கும் அரளிக்கும் நடுவே அவர் கை மட்டும் தெரிந்தது. அந்தக் கையின் மேலும் ஓர் அடி.

கூட்டம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு எங்கிருந்தோ ஒரு கல் வந்து முன்விளக்கை உடைத்தது. அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியவில்லை. ஹேண்டிலைப் பிடுங்கினார்கள். அதைக் கொண்டே அவர் முழங்காலில் அடித்தார்கள். அவர் விழுந்ததும் மிதித்தார்கள். வெறுங்கால்களால் மிதிக்கும் சத்தம் மாவு இடிப்பதுபோல் இருந்தது. "பொம்பளைங்க இருக்காங்க. எறங்குங்கம்மா, உங்கள ஒண்ணும் பண்ணமாட்டோம்" என்று ஒரு அம்மாள் கதவைத் திறந்து எங்கள் இருவரையும் வெளியே இழுத்தாள். நான் அவள் புடவையைப் பற்றிக்கொண்டு நின்றேன். அக்கா நிற்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவன், கழுத்தில் வேப்பிலை மாலை, சாலையோரத்து மைல்கல் அளவுக்கு ஒரு பாறாங்கல்லை மூத்தாரின் தலைக்கு மேல் தூக்கியிருந்தான். அக்கா அந்தக் கல்லுக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"ஏம்மா, உங்க புருஷனா? நகருங்க."

"ஆமா" என்றாள் அக்கா. அவள் குரல் உயரவே இல்லை. "அந்தக் கல்ல இங்க போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க. இவரு உசுரு இதுக்குள்ள இல்ல. அந்த வண்டிக்குள்ள இருக்கு. அத எடுத்துக்கங்க."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பிக் கல்லைப் பானெட்டின் மேல் போட்டான். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் அங்கே திரும்பியது. கண்ணாடிகள் போயின. மரப்பலகையைப் பெயர்த்தார்கள். தோல் இருக்கைகளை அரிவாளால் கிழித்தார்கள். பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறக்கத் தெரியாமல் ஒருவன் தடுமாறியபோது, அக்காவே போய், மடங்காத விரல்களால் அதைத் திருகித் திறந்தாள். அத்தனை அடிக்கும் வாய் திறந்து கெஞ்சாத மூத்தார் அப்போதுதான் கெஞ்சினார். "வேணாம், அத விட்டுடுங்க, வேணாம்" என்று சாலையில் தவழ்ந்தார். தீ எழுந்தது. மஞ்சள் கூட்டம் பின்வாங்கி நின்று பார்த்தது. எரிய எரிய அவர்கள் முகத்திலிருந்து ஏதோ வடிந்துகொண்டே போனது. கடைசியில் வெறும் யாத்திரைக்காரர்களாகத் தலைகுனிந்து நின்றார்கள்.

அக்கா மாட்டைப் பிடித்து நிறுத்தச் சொன்னாள். வண்டிக்காரரையும் மூத்தாரையும் அந்த ஒரே மாட்டு வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைத்து, நடுவில் தான் உட்கார்ந்துகொண்டாள். ஒரு கையால் வண்டிக்காரரின் கண்ணில் துணியை அழுத்திப் பிடித்திருந்தாள். கல்லைத் தூக்கியவனே மாட்டை ஓட்டினான். பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இருவரும் பிழைத்தார்கள். வண்டிக்காரருக்கு ஒரு கண் போயிற்று. மூத்தாருக்கு வலது கால் நிமிரவில்லை. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஸ்ரீரங்கத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வண்டிக்காரரை அடித்த வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது டாக்டர் நண்பர் கூண்டில் ஏறி, அந்தக் காயம் மாட்டு வண்டியிலிருந்து விழுந்ததாலும் ஏற்பட்டிருக்கலாம் என்றார். அடுத்து அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"கட்டின புருஷனுக்கு எதிரா சாட்சி சொல்றீங்களே" என்றார் மூத்தாரின் வக்கீல்.

"கட்டின புருஷன்ங்கறதாலதாங்க பக்கத்துல இருந்து பார்க்க முடிஞ்சுது."

"காரைக் கொளுத்தினது யாரு?"

"மூடியத் தொறந்தது நாந்தாங்க. மத்தவங்க மொகம் ஒண்ணும் ஞாபகமில்லீங்க."

மூத்தார் ஜெயிலுக்குப் போனார். அந்த வருஷமே நானும் என் கணவரும் தனிக்குடித்தனம் வந்துவிட்டோம். என் கணவர் அண்ணனிடம் அதைச் சொல்ல ஜெயிலுக்குப் போனபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தும்கூட, இவர் இரண்டடி தள்ளியே நின்றாராம். விடுதலையாகி வந்த மூத்தார், போலீஸ் ஒப்படைத்த எரிந்த சட்டத்தை ஷெட்டில் வைத்து, தினமும் துரு துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டாக்டர் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க அங்கே கார் இல்லையே. நான் சாப்பாடு கொண்டுபோகும்போது ஒருமுறை மூத்தார் சொன்னார்: "அவ என்னைச் சாக விட்டிருக்கலாம். வண்டியக் காப்பாத்தியிருக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதுதான் அவர் கணக்கு.

இப்போது திருச்சியில் அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களைத் துடைத்து மெருகேற்றி வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார்கள். பேரன் அழைத்துப் போனான். சொந்தக்காரர்கள் அதே தகட்டை, அதே ரேடியேட்டரைப் பற்றி அதே கனிவோடு பேசுகிறார்கள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறார்கள். கார்களின் அழகிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் என்னால் பக்கத்தில் போக முடிவதில்லை.

மூத்தார் இறந்த பிறகு ஒருநாள் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அக்கா அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவ்வளவு அடித்தவரை எதற்குக் காப்பாற்றினீர்கள் என்று வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அவரையா?" என்றாள். கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அந்தக் கல்லத் தூக்கினவன் இருந்தானே, விரதம் இருந்து, வெறுங்காலோட அம்மனப் பாக்க நடந்து வந்தவன். அவன் கொலகாரனா வீட்டுக்குத் திரும்பணுமா? அப்ப அது ஒண்ணுதான் தோணுச்சு. இவரு ஞாபகமே வரல."

ஆய்ந்த கீரையை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"இங்க வந்தப்புறம் தனியா உட்கார்ந்து ஒருநாள் அழுதேன்" என்றாள். "அவருக்காக இல்ல. ஒரு பாவமும் பண்ணாத அந்த வண்டிக்காகத்தான்."