நல்ல தண்ணீரில் குளித்த கமரா

ஊர்காவற்றுறையில் மீன்பிடிக்கிற எனக்குக் கனடாத் தம்பி ஒரு டிஜிட்டல் கமரா அனுப்பியிருந்தான். கோயிலில் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மையை அதில் படம் எடுத்தேன். மறுநாள் பெருமை தாங்காமல் அதைக் கடலுக்கும் கொண்டு போனேன். உப்புத்தண்ணீர் தெறித்தது. கரைக்கு வந்ததும் படகு எஞ்சினைக் கழுவுவது போலக் கமராவையும் நல்ல தண்ணீரில் கழுவினேன். அத்தோடு அது கண்ணை மூடியது.

மனைவியோடு யாழ்ப்பாணத்தில் கமரா திருத்தும் கடைக்குப் போனேன்.

“திருத்தினாலும் கனநாள் நிக்காது அண்ணை, புதுசு வாங்குங்கோ,” என்றார் கடைக்காரர்.

“ஏலாது! பிள்ளையின்ர படமெல்லாம் இதுக்குள்ள கிடக்கு. திருத்துங்கோ,” என்றாள் மனைவி.

இருவரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. கடைக்காரருக்கும் தலையாட்டினேன், மனைவிக்கும் தலையாட்டினேன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கமராவிலிருந்து நகமளவு சிப் ஒன்றைக் கழற்றிக் கணினியில் போட்டார். வெள்ளை உடுப்பில் மகள் சிரித்தாள். படங்கள் கமராவில் அல்ல, அந்தச் சிப்பில் இருந்திருக்கின்றன!

“படம் தப்பீற்றுது,” மனைவி பெருமூச்சு விட்டாள். “இனி இந்த மனுசனைத் திருத்துறதோ, மாத்துறதோ?”

“அதுக்கு இஞ்ச ஆளில்லை அக்கா,” என்றார் கடைக்காரர்.

புதுக் கமரா வாங்கினோம். இப்போது படம் எடுத்ததும் சிப்பைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். கடலால் கரைக்கு வந்தால் எஞ்சினையும் என்னையும் மட்டுமே கழுவுகிறேன்.