கர்ட்டன் அக்கா

ஜன்னல் திரையின் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்து, துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை நடுவில் மாட்டிய பிறகுதான் அவர் கைப்பையையே கீழே வைப்பார். அடுத்தது மஞ்சள் விளக்கு. ஒரு கோடு வெளிச்சம் உள்ளே வந்தால் போதும், "யாருப்பா அது, என் பொழப்புல மண்ணைப் போடறது?" என்று குரல் எழும். முப்பத்தொரு வருடமாக இதே அறை, இதே குரல். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் கர்ட்டன் அக்கா. வீட்டிலும் பகலில் திரையை மூடிவிடுகிறாராம். "எங்க வீட்டுல விடியறதே இல்லீங்க" என்று கணவர் அலுத்துக்கொள்வார்.

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் செல்களைத் தட்டில் வளர்த்து, புற ஊதா விளக்கால் சுட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவது அவர் வேலை. அதற்கு அவர் சொல்லும் விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது.

"அந்த விளக்கு பட்டா டி.என்.ஏ.வுல பக்கத்துப் பக்கத்து எழுத்து ரெண்டு ஒட்டிக்கும். நகல் எடுக்க வர்றவன் அங்க முட்டிக்கிட்டு நிப்பான். அப்புறம் ஒரு அவசரக்குடுக்கை வருவான். குத்துமதிப்பா எதையோ எழுதிட்டுத் தாண்டிப் போயிடுவான். தப்பு நுழையறது அங்கதான்." கொஞ்சம் நிறுத்தி, "ஒட்டினதைப் பிரிச்சுவிடவும் உள்ளேயே ஒருத்தன் இருக்கான். ஆனா துரைக்கு வெளிச்சம் வேணும். இருட்டுல கை ஓடாது" என்பார். துரை வேலையில் இறங்கிவிட்டால் சோதனை கெட்டுவிடும். அதற்குத்தான் திரையும் கிளிப்பும், துரைக்கு உதவாத மஞ்சள் விளக்கும்.

இதை அவர் திட்டு வாங்கித்தான் கற்றார். சேர்ந்த முதல் வாரம், அறை இருட்டாக இருக்கிறதே என்று திரையை விலக்கிவைத்தார். செத்திருக்க வேண்டிய தட்டெல்லாம் கொழுகொழுவென்று முளைத்து நின்றது. அவர் வயதே ஆன ஆய்வாளர் ஒருத்தி, நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம், நெட்டை என்று பெயர். கத்து கத்தென்று கத்தினாள். கத்தி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அத்தனையையும் காப்பாத்திட்டியேடி, மகராசி!"

அன்று தொடங்கிய சிநேகம். ஒரே டிபன் பாக்ஸ், பக்கத்துப் பக்கத்து ஸ்டூல், கரகரக்கும் ரேடியோ. நல்ல பாட்டு வந்தால் எண்ணிக்கை தப்பிவிடும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள்.

நெட்டை போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. அவள் பாடுபட்டு உருவாக்கிய ஈஸ்ட் வகை ஒன்று மட்டும் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் அதைப் புதுத் தட்டுக்கு மாற்றும்போது, "என்னடி, சாப்பிட்டியா?" என்று அக்கா தட்டிடம் கேட்பதுண்டு. போன மாதம் உறைபெட்டி பழுதாகி, அதில் பத்திரப்படுத்தியிருந்த குப்பிகள் எல்லாம் உருகிக் கெட்டன. மிஞ்சியது ஒரே தட்டு, அதுவும் காய்ந்துகொண்டிருந்தது.

இந்தத் திங்கட்கிழமை அதிலிருந்த கடைசிச் செல்களை வழித்து, நீரில் கலக்கி, புதுத் தட்டில் மெல்லப் பரப்பினார். ஈரம் உலரட்டும் என்று, கிருமி அண்டாமல் வேலை செய்யும் கண்ணாடிப் பெட்டிக்குள் மூடியைத் திறந்துவைத்துவிட்டுக் கை கழுவப் போனார். பெட்டியை விட்டு நகரும்போது கிருமி சாக அதிலுள்ள புற ஊதா விளக்கைப் போட்டுவிட்டுப் போவது முப்பத்தொரு வருடக் கைப்பழக்கம். கை தன் பாட்டுக்குப் போட்டுவிட்டது. திரும்பி வந்தபோது நீல வெளிச்சத்தில் தட்டு திறந்து கிடந்தது.

"ஐயோ, நானே கொன்னுட்டேனே!"

பக்கத்து அறை ஆய்வாளர் ஓடிவந்தார். அதற்குள் அக்கா விளக்கை அணைத்து, தட்டை மூடி, ஜன்னலருகே போயிருந்தார். கிளிப்பைப் பிடுங்கி, திரையை ஒரே இழுப்பில் ஒதுக்கினார். இத்தனை வருடத் தூசும் பறந்தது. தட்டை ஜன்னல் விளிம்பில், வெயில் விழும் இடத்தில் வைத்தார்.

மூன்றாம் நாள் அதில் பதினோரு வெள்ளைப் புள்ளிகள் முளைத்தன. ஆனால் அந்தத் திங்கட்கிழமை அது யாருக்கும் தெரியாது. வெயில் நகர நகர, அக்கா தட்டையும் ஒரு விரற்கடை நகர்த்திக்கொண்டே இருந்தார். எட்டிப் பார்க்கக் கிட்டே வந்த ஆய்வாளரின் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

"நிழல் விழுது" என்று கிசுகிசுத்துவிட்டு, தானும் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.