பூங்காவனத்தின் வயிற்றுக்கட்டு

மலாய் நாட்டின் காஜா பேராங்கில், பூங்காவனம் மாவாட்டும் சத்தத்தில்தான் பக்கத்து வீட்டு சபியா கண் விழிப்பாள். மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு அந்த ஆட்டுக்கல்லிலிருந்துதான் மாவு போனது. கணவன் மருதமுத்து லாரியோடு கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டான். ஐந்து பிள்ளைகளின் சோறு அந்தக் கல்லில்தான் இருந்தது.

கடைசிப் பிள்ளை பிறந்தபோது மலாய் மருத்துவச்சி அவள் வயிற்றைச் சுற்றி பெங்கோங் துணி கட்டினாள். நாற்பத்து நான்கு நாளில் அவிழ்த்துவிட வேண்டிய கட்டு. பிள்ளை நடக்கத் தொடங்கியும் பூங்காவனம் அதை விடவில்லை.

“என்னக்கா, இன்னும் இடுப்ப இறுக்கிக்கிட்டு? பொண்ணு பார்க்க யாரும் வராங்களா?”

“ஆமாடி, உன் புருசனத்தான் வரச் சொல்லியிருக்கேன்.”

சபியா சிரித்தாள். ஆனால் மாவுக் குண்டானைத் தூக்கும்போதெல்லாம் பூங்காவனத்தின் ஒரு கை அடிவயிற்றுக்குப் போவதைக் கவனித்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

1957 ஆகஸ்டு. நாட்டின் முதல் சுதந்திர நாளுக்காகக் கடைக்காரர்கள் இரட்டிப்பு மாவு கேட்டார்கள். ஒரு நாள் உச்சிவேளையில் கல் பாதியில் நின்றது. சபியா ஓடிப்போய்ப் பார்த்தாள். பூங்காவனம் சுவரில் சாய்ந்து வியர்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து சாயங்காலத்திலேர்ந்து ஒண்ணுக்கு வரல, சபியா. முட்டுது.”

ஆஸ்பத்திரியில் தாதி கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். கர்ப்பப்பை முழுதும் வெளியே இறங்கி, சிறுநீர் வரும் வழியை மடக்கி அடைத்திருந்தது.

“எத்தனை நாளா இப்படி?”

“ஒரு வருசமா. மொதல்ல எலுமிச்சம்பழம் அளவுதான். நழுவாம இருக்கட்டும்னு இன்னும் இறுக்கிக் கட்டினேன்.”

“கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாத்தையும் அடியில ஒரு தசைதாம்மா தொட்டில் மாதிரி தாங்குது. அஞ்சு பிரசவத்துல அது தளர்ந்து கிடக்கு. நீ மேல இறுக்கினா எல்லாம் எங்க போகும்?”

குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தார்கள். கர்ப்பப்பையை உள்ளே தள்ளி, மறுபடி இறங்காமல் தாங்க ரப்பர் வளையம் பொருத்தினார்கள். அடுத்த மாதம் ஆபரேஷன்; அதுவரை பாரம் தூக்கக் கூடாது, கட்டவும் கூடாது. இன்னொரு முறை அடைத்தால் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

“அதுவரைக்கும் நான் ஆட்டித் தரேன்க்கா,” என்றாள் சபியா.

“கட்டு இல்லாம நின்னா எல்லாம் கீழ கொட்டிடும் போல இருக்குடி.”

வீடு திரும்பியும் பூங்காவனம் அந்தத் துணியை எறியவில்லை. துவைத்துக் கொடியில் போட்டாள். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்று நாளும் சபியாதான் மாவாட்டினாள்.

நான்காம் நாள் ஆட்டுக்கல் சத்தம் கேட்டு சபியா விழித்தாள். ஜன்னலைத் திறந்தாள். கொடி வெறுமையாக இருந்தது.