சர்தார்ஜி குத்தியிருந்த நம்பர்

டில்லியில் சீக்கியர்களைத் துரத்தித் துரத்திக் கொன்ற எண்பத்து நாலு கலவரம் ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜனக்புரி பால் பூத்தில் நின்றிருந்தேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து நெடுநெடுவென்று ஒரு சர்தார்ஜி ஓடி வந்தார். பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர் வெளிச்சம். துரத்துகிறார்கள் என்று நினைத்து பூத்தோரமாக ஒதுங்கினேன்.

பூத்தருகே வந்து மூச்சு வாங்கினார். ஸ்கூட்டரில் இருந்தது அவர் மனைவியும் தம்பியும். மாரத்தானுக்குப் பயிற்சியாம், தினமும் துணைக்கு வருவார்களாம். சட்டையில் ஏதோ பழைய பந்தயத்து நம்பரை ஊக்கால் குத்தியிருந்தார்.

"பயிற்சிக்கு எதுக்கு ஜி நம்பர்?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"இது இல்லாம ஓடினா, தப்பிச்சு ஓடறேன்னு நினைப்பாங்க, பாய்சாப். அப்புறம் நிஜமாவே துரத்துவாங்க" என்று சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. தம்பி எஞ்சினை அணைக்கவே இல்லை.

இன்றும் தெருவில் யாராவது ஓடி வந்தால் முதலில் சட்டையில் நம்பரைத் தேடுகிறேன். இல்லாவிட்டால், அவருக்குப் பின்னால் பார்க்கிறேன்.